தொண்டிக் கடலில் ஒரு குப்பி நீர்: மேற்பரப்பு நுண்ணுயிர்ப் பரவலை ஆராயும் முறை

காரைக்குடியில் விடியற்காலைப் பேருந்து ஏறி, தேவகோட்டை, திருவாடானை வழியாகச் சென்றால், வெயில் உறைப்பதற்கு முன்பே தொண்டியில் பாக் விரிகுடாவின் கரையில் நிற்கலாம். கண்மாயையும் ஊருணியையும் பார்த்து வளர்ந்த செட்டிநாட்டு மாணவர்கள் கடல் நுண்ணுயிரியலுக்கு வரும்போது முதலில் கேட்பது, "தொண்டிக் கடலில் என்னென்ன நுண்ணுயிர்கள் இருக்கின்றன?" என்பதுதான். ஊருணிக்கு அது சரியான கேள்வி. ஊருணி நீர் அங்கேயே கிடக்கிறது. கடலின் மேற்பரப்பு நீரோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. தன்னுள் வாழும் உயிர்களையும் உடன் கொண்டு செல்கிறது. ஆகவே, எந்த ஊரில் எடுத்தோம் என்பதோடு எத்தகைய நீரில் எடுத்தோம் என்பதையும் சொல்லத் தெரிந்தால்தான், நம் குப்பியை உலகக் கடல்களின் பெரிய படத்தில் உரிய இடத்தில் வைக்க முடியும். நுண்ணுயிரியலும் கடலியலும் படிக்கும் பட்டப்படிப்பு மாணவர்களையும், அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து, அதற்கான வழிமுறையை இங்கே விளக்குகிறேன்.

கரைக்குப் போகுமுன் அறிய வேண்டியவை

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில், அதாவது ஏறத்தாழ இருபது துளிகளில், பொதுவாகப் பத்து லட்சம் அளவில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வைரஸ்கள் அதைவிடப் பத்து மடங்கு. அகார் தட்டில் வளர்த்து எண்ணினால் இவற்றில் நூற்றில் ஒன்றுகூட முளைக்காது என்பதால், கடலில் மிகுதியாக வாழும் உயிர்களைப் பற்றியே நீண்ட காலம் எவருக்கும் தெரியாமல் இருந்தது. சினெகோகாக்கஸ் என்னும் சயனோபாக்டீரியா (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) கடலில் எங்கும் நிறைந்திருப்பது 1979இல்தான் வெளிப்பட்டது. அதனினும் சிறிய புரோகுளோரோகாக்கஸ், செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றையின் முன் ஓடவிட்டு அளக்கும் கருவியின் துணையால் அறியப்பட்டு 1988இல் அறிவிக்கப்பட்டது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையால் முதலிடம் பெறுவது அதுவே. எஸ்ஏஆர்11 என்னும் பாக்டீரியாக் குழு, சர்காசோ கடல்நீரிலிருந்து எடுத்த மரபணுவைக் கொண்டு 1990இல் இனங்காணப்பட்டது. மேற்பரப்பு நீரில் நான்கு செல்களில் ஒன்று இந்தக் குழுவைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதனை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்ட 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த உயிர்கள் எங்கே மிகுகின்றன, எங்கே குறைகின்றன என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. புரோகுளோரோகாக்கஸ் ஏறத்தாழ 40 டிகிரி வடக்குக்கும் 40 டிகிரி தெற்குக்கும் இடையிலுள்ள வெதுவெதுப்பான, சத்து குறைந்த நடுக்கடலில் செழிக்கிறது; துருவ நீரில் அதற்கு இடமில்லை. அதற்குள்ளும் ஒரு பிரிவு வெப்பம் மிகுந்த நீரையும், இன்னொரு பிரிவு சற்றுக் குளிர்ந்த நீரையும், வேறு சில பிரிவுகள் ஒளி மங்கிய ஆழத்தையும் பங்கிட்டுக்கொண்டுள்ளன. சினெகோகாக்கஸ் கரையோரத்தையும், சத்து கூடுதலாக உள்ள நீரையும் விரும்புகிறது. புரோகுளோரோகாக்கஸ் தாங்காத குளிரையும் ஓரளவு தாங்கும். இழை இழையாகத் திரண்டு, வளியிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தும் டிரைக்கோடெஸ்மியம் வெப்பக் கடலின் உயிர். துருவங்களை நெருங்க நெருங்கப் பிளாவோபாக்டீரியா போன்ற பாக்டீரியாக் குழுக்களும், டயாட்டம்கள் என்னும் ஒருசெல் பாசிகளும் முன்னுக்கு வருகின்றன. பெரும்பாலான குழுக்களில் இனங்களின் எண்ணிக்கை குறைகிறது.

"எல்லாம் எங்கும் உள்ளன, சூழல் தேர்ந்தெடுக்கிறது" என்னும் பொருள்பட டச்சு அறிஞர் பாஸ் பெக்கிங் 1934இல் எழுதினார். அந்தத் தேர்வில் எந்தக் காரணி முதன்மையானது என்பதற்கு, தாரா என்னும் பாய்க்கப்பல் 2009 முதல் 2013 வரை உலகக் கடல்களில் நடத்திய பயணம் ஒரு வலுவான விடை தந்தது. 68 இடங்களில் எடுத்த 243 மாதிரிகளிலிருந்து நான்கு கோடி மரபணுக்களைத் தொகுத்த அந்தக் குழு, ஒளி புகும் மேலடுக்கில் நுண்ணுயிர்ச் சமுதாயத்தின் அமைப்போடு மிக நெருங்கிப் பொருந்துவது வெப்பநிலையே என்று 2015இல் வெளியிட்டது. உலக அளவிலான இந்த முடிவை நம் கரைக்கு அப்படியே கொண்டுவந்துவிடக் கூடாது என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். பாக் விரிகுடாவின் நீர் ஆண்டின் பெரும்பகுதி 25 டிகிரி செல்சியசுக்கு மேலேயே இருக்கிறது. வெப்பம் சிறிதே மாறும் இடத்தில், உப்பும் சத்தும் கலங்கலும் நீரோட்டமும் தீர்மானிக்கும் பங்கு பெரிதாகிவிடும்.

உப்பைப் பற்றிச் சொல்லும்போது நம் முன்னோரின் ரங்கூன் பயணங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தேக்கும் அரிசியும் கொடுத்த அந்தக் கரைக்கு வங்கக் கடலைக் கடந்து சென்றவர்கள், தாங்கள் அறியாமலேயே நீரின் பல மண்டலங்களைக் கடந்திருக்கிறார்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரும் பருவமழையும் வங்கக் கடலின் மேல் ஒரு மூடியைப் போலப் படர்ந்து, ஆழத்திலுள்ள சத்து மேலெழுவதைத் தடுக்கின்றன. ஆவியாதல் மிகுந்த அரபிக் கடலின் நீரோ உப்புக் கூடியது. தென்மேற்குப் பருவக்காற்றில் அதன் மேற்குப் பகுதியில் அடிநீர் மேலெழுந்து சத்தைக் கொண்டுவருகிறது. ஒரே அகலாங்கில், ஒரே வெயிலில் கிடக்கும் இரு கடல்களின் மேற்பரப்பு வாழ்வு வேறுபடுவதற்கு இதுவே பெரிய காரணம்.

பயணத்தைத் திட்டமிடுதல்

ஒரு பயணத்தில் பத்து இடங்களில் எடுப்பதைவிட, மூன்று இடங்களில் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப எடுப்பது சிறந்தது. கரையை ஒட்டி ஒன்று, கடற்புல் படுகைக்கு மேலே ஒன்று, படகோட்டி பாதுகாப்பானது என்று சொல்லும் தொலைவில் ஒன்று என வைத்துக்கொள்ளலாம். சர்வதேச எல்லை அருகிலேயே இருப்பதால், கரைக்கு நெருங்கிய பகுதியை விட்டு விலகக் கூடாது. கரையோரக் காவல் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகத்திலோ, தெற்கே மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவிலோ எடுப்பதாக இருந்தால் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு என்பதால், ஆண்டு முழுவதும் தொடர வேண்டிய வேலைக்கு நாட்டுப்படகையே அமர்த்திக்கொள்வது நல்லது.

மாதங்களைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவத்தில் நீரோட்டம் வடக்கேயிருந்து தெற்கு நோக்கி இழுக்கும். மீனவர்கள் இதனை வாநீவாடு என்பார்கள். வங்கக் கடலின் உப்புக் குறைந்த நீர் அப்போது பாக் விரிகுடாவுக்குள் வருகிறது. அதே நாட்களில் நம் பக்கத்துக் கண்மாய்கள் நிரம்பி, கலுங்கு வழிந்து, ஓடைகள் வழியாக மண்ணையும் உரச்சத்தையும் கடலில் சேர்க்கின்றன. தென்மேற்குப் பருவத்தில் தெற்கிலிருந்து வரும் சோநீவாடு என்னும் நீரோட்டம் வேறொரு நீரைக் கொண்டுவருகிறது. இந்த இரண்டு பருவங்களிலும், இடையிலுள்ள அமைதியான பங்குனி, சித்திரையிலும் எடுத்தால், ஒரே இடத்தில் மூன்று விதமான நீரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கும்.

ஒருமுறை ஐப்பசியில், போன மாதம் எடுத்த அதே இடத்தில் நாங்கள் குப்பியை இறக்க முனைந்தபோது, படகோட்டி அண்ணன் கையை நீரில் விட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, இன்னைக்கு இது வேற தண்ணி" என்றார். பிறகு அளந்தபோது உப்பின் அளவு முந்தைய மாதத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. அன்று முதல், படகோட்டி சொல்லும் நீவாட்டையும் காற்றையும் நீரின் நிறத்தையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுவதற்கு எங்கள் குறிப்பேட்டில் தனிக் கட்டம் ஒன்று வைத்திருக்கிறோம்.

படகில் செய்ய வேண்டியவை

குப்பிகளை முந்தைய நாளே பத்து விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, வாலை வடிநீரால் பலமுறை அலசி, மூடி வைத்துக்கொள்ளுங்கள். பாலிகார்பனேட் குப்பி நல்லது. எவர்சில்வர் வாளியில் மொண்டு குப்பியில் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வாளியின் உட்புறத்தில் படிந்திருக்கும் மென்படலமே ஒரு நுண்ணுயிர்க் குடியிருப்பு.

படகு நின்றதும் எஞ்சினை அணைத்துவிட்டு, காற்று வரும் பக்கத்து முகப்பில் உட்காருங்கள். டீசல் படலமும் படகு கழுவிய நீரும் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடும். கையுறை அணிந்த கையில் மூடிய குப்பியைப் பிடித்து, முழங்கை அளவு ஆழத்துக்கு இறக்கி, அங்கே மூடியைத் திறந்து, நிரம்பியதும் அங்கேயே மூடி வெளியே எடுக்க வேண்டும். நீரின் மேல்தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புடையது. கொழுப்பும் தூசியும் சேரும் அந்தப் படலத்தில் வாழும் சமுதாயம், அதற்குக் கீழே உள்ளதிலிருந்து வேறுபட்டது. திறந்த குப்பியை மேலிருந்து அமிழ்த்தினால் இரண்டும் கலந்துவிடும். முதல் மூன்று முறை நிரப்பிய நீரைப் படகின் மறுபக்கம் கொட்டிவிட்டு, நான்காம் முறை நிரப்பியதையே மாதிரியாகக் கொள்ளுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் வெப்பநிலை, உப்பின் அளவு, பி.எச்., நேரம், நீரின் ஆழம், இருப்பிடக் குறிகள் ஆகியவற்றை அங்கேயே எழுத வேண்டும். உப்பை அளக்க விலை உயர்ந்த கருவி இல்லையென்றால், இறால் பண்ணைகளில் பயன்படுத்தும் ரிஃப்ராக்டோமீட்டர் போதும். அது காட்டும் உப்பின் அளவு ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூடவோ குறையவோ பிசகும் என்பதை நினைவில் வையுங்கள். எல்லாப் பயணங்களிலும் ஒரே நேரத்தில் எடுப்பது முக்கியம். நுண்ணுயிர்களுக்கும் நாளின் ஒழுங்கு உண்டு. புரோகுளோரோகாக்கஸ் பகலெல்லாம் வளர்ந்து, பொழுது சாயும் வேளையை ஒட்டிப் பிரிகிறது. ஒரு மாதம் காலையிலும் மறுமாதம் மாலையிலும் எடுத்துவிட்டு, வேறுபாட்டைப் பருவத்தின் மேல் ஏற்றிச் சொல்வது தவறாகிவிடும்.

குப்பிக்குப் பெயரிடும்போது பேனாவை நம்பாதீர்கள். எங்கள் தொடக்கப் பயணம் ஒன்றில், பன்னிரண்டு குப்பிகளின் மேல் எழுதியிருந்த மை, பனிக்கட்டி உருகிய நீரில் அழிந்துவிட்டது. பன்னிரண்டும் நல்ல மாதிரிகள். எது கரை, எது கடற்புல் என்று சொல்ல வழியில்லாமல் அத்தனையையும் கொட்ட நேர்ந்தது. இப்போது தடித்த தாளில் பென்சிலால் எழுதிக் கழுத்தில் கட்டுகிறோம். மூடியின் மேல் எண்ணைக் கீறியும் வைக்கிறோம். குப்பிகளை வைக்கும் தெர்மோகோல் பெட்டி புதியதாக இருக்கட்டும். மீன் ஏற்றிய பெட்டியை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் மீனின் வழுவழுப்பில் வாழும் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் தங்கிவிடும்.

கரையில் வடிகட்டுதல்

நீரைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து வடிகட்டலாம் என்று நினைக்க வேண்டாம். குப்பிக்குள் அடைபட்ட கணத்திலிருந்தே சமுதாயம் மாறத் தொடங்குகிறது. ஒரு நாள் விட்டுவைத்தால், கடலில் சிறுபான்மையாக இருந்த ஆல்டிரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகி, பெரும்பான்மையினரைப் பின்தள்ளிவிடும். கையால் இயக்கும் வெற்றிடப் பம்பைக் கரைக்கே எடுத்துச் செல்லுங்கள். நிழலுள்ள இடம், ஒரு மேசை, சுத்தமான துணி ஆகியவை இருந்தால் வேலையை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கலாம்.

முதலில் 200 மைக்ரோமீட்டர் கண்ணுள்ள வலையில் ஊற்றினால் குட்டி இறால்களும் கடற்புல் துணுக்குகளும் நிற்கும். அடுத்து 3 மைக்ரோமீட்டர் வடிதாள், இறுதியாக 0.22 மைக்ரோமீட்டர் வடிதாள். முதல் வடிதாளில் டயாட்டம்களும், மண் துகள்களில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்களும் தங்கும். இரண்டாவதில் தனித்து மிதப்பவை தங்கும். இவ்விரண்டும் வெவ்வேறு சமுதாயங்கள் என்பதால் இரண்டையும் பத்திரப்படுத்த வேண்டும். நடுக்கடல் நீரில் பத்து லிட்டர்கூட வடியும்; நம் கரையில் ஒரு லிட்டர் வடிவதற்குள்ளேயே வடிதாள் அடைத்துக்கொள்ளும். அழுத்தத்தைக் கூட்டினால் செல்கள் உடையும். அடைத்த இடத்தில் நிறுத்தி, வடிந்த அளவைத் துல்லியமாக எழுதுங்கள். நன்றாக வடிந்த தாளை நிழலில் பிடித்துப் பார்த்தால், நடுவில் பழுப்பும் பசுமையும் கலந்த வட்டமும் அதன் விளிம்பில் வெள்ளை வளையமும் தெரியும். மழைக்குப் பின் எடுத்த நீரில் அந்த வட்டம் செம்மண் நிறமாக இருக்கும்.

நுண்ணுயிர் நீக்கிய நீரை ஒருமுறை அதே கருவியில், அதே கையால் வடித்து, அந்தத் தாளையும் ஒரு மாதிரியைப் போலவே இறுதிவரை கொண்டுசெல்லுங்கள். பலர் செலவைக் கருதி விட்டுவிடும் படி இது. நம் விரல்களிலிருந்தும் வேதிப்பொருட்களிலிருந்தும் வந்த டிஎன்ஏ எது, கடலிலிருந்து வந்தது எது என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு தாளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

வடிதாள்களை டிஎன்ஏ காக்கும் கரைசலில் இட்டுப் பனியில் வையுங்கள். எண்ணுவதற்காக 10 மில்லிலிட்டர் நீரைத் தனியே எடுத்து, ஃபார்மால்டிஹைடை இரண்டு விழுக்காடு இருக்குமாறு சேர்த்து மூடுங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளக்க வடிந்த நீரில் கொஞ்சத்தை உறையவையுங்கள்.

எண்ணுதல்

எண்ணும் வேலையைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். ஒளிர்வு நுண்ணோக்கி ஒன்று வேண்டும். இரண்டு மில்லிலிட்டர் நீரைக் கறுப்புப் பாலிகார்பனேட் வடிதாளில் வடித்து, டாப்பி என்னும் சாயமிட்டுப் பார்த்தால், டிஎன்ஏ உள்ள ஒவ்வொரு செல்லும் இருண்ட வானில் விண்மீன் போல நீல நிறத்தில் ஒளிரும். ஒரு காட்சிப்புலத்தில் சராசரியாக 40 செல்கள் தெரிகின்றன, வடிதாளின் பயன்படும் பரப்பு 200 சதுர மில்லிமீட்டர், காட்சிப்புலத்தின் பரப்பு 0.01 சதுர மில்லிமீட்டர் என்று கொள்வோம். மொத்தக் காட்சிப்புலங்கள் 20,000. அதனை 40ஆல் பெருக்கி, வடித்த இரண்டு மில்லிலிட்டரால் வகுத்தால், ஒரு மில்லிலிட்டருக்கு நான்கு லட்சம் செல்கள். நம்பத்தக்க சராசரி கிடைக்க, குறைந்தது முந்நூறு செல்களையாவது எண்ணுங்கள்.

அதே தாளில், சாயத்தின் நீல ஒளிக்கு உரிய வடிப்பானை மாற்றிப் பச்சை ஒளியைச் செலுத்தினால், சினெகோகாக்கஸ் தன்னிடமுள்ள ஃபைகோஎரித்ரின் நிறமியால் தானாகவே செம்மஞ்சளாக ஒளிர்வதைக் காணலாம். மாணவர் ஒருவர் முதன்முறையாக அந்தப் புள்ளிகளைப் பார்க்கும் நேரத்துக்காகவே நான் இந்தப் பயணங்களை விடாமல் நடத்துகிறேன். புரோகுளோரோகாக்கசின் ஒளிர்வு மிக மங்கலானது என்பதால் சாதாரண நுண்ணோக்கியில் பிடிபடாது. காணவில்லை என்பதற்காக இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

மரபணு வழியே இனங்காணல்

டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாக்களை இனம்பிரிக்க உதவும் 16எஸ் மரபணுவின் ஒரு பகுதியை, டிஎன்ஏவைப் படியெடுக்கும் பிசிஆர் முறையால் பெருக்கி, டிஎன்ஏ வரிசை அறியும் நிறுவனத்துக்கு அனுப்புவது இன்றைய வழக்கம். அனுப்பும்போது எந்தப் பிரைமரை (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) பயன்படுத்தப் போகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பரவலாகப் புழங்கிய 515, 806 என்னும் இணையின் பழைய வடிவம், கடலின் பெரும்பான்மையான எஸ்ஏஆர்11 குழுவையே குறைத்துக் காட்டியது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் அதைத் திருத்திய வடிவங்கள் வெளியாயின. பழைய பிரைமரில் பெற்ற முடிவையும் புதியதில் பெற்றதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், கடல் மாறாதிருந்தும் மாறியதாகத் தோன்றும். டயாட்டம்களின் பசுங்கணிகங்களுக்கும் 16எஸ் மரபணு உண்டு என்பதால், அந்த வரிசைகளைத் தனியே பிரித்துவிட்டே பாக்டீரியாக்களின் கணக்கைப் போட வேண்டும்.

முடிவுகளைப் படித்தல்

வரிசை அறிதலில் கிடைப்பது விழுக்காடு மட்டுமே. பங்குக் கணக்குப் பார்த்துப் பழகிய ஊரில் இதை விளக்குவது எளிது: ஒருவருக்குக் கடையில் கால் பங்கு என்று சொன்னால், முதல் எவ்வளவு என்று தெரியாமல் அவருடைய பணத்தைச் சொல்ல முடியாது. புரட்டாசியில் மில்லிலிட்டருக்கு நான்கு லட்சம் செல்களும் அதில் எஸ்ஏஆர்11 முப்பது விழுக்காடும் இருந்தால் அதன் எண்ணிக்கை 1,20,000. கார்த்திகையில் மொத்தம் பன்னிரண்டு லட்சமாகி, அதன் பங்கு பதினைந்து விழுக்காடாகக் குறைந்தால் எண்ணிக்கை 1,80,000. பங்கு பாதியாகியும் உயிர் பெருகியிருக்கிறது. நுண்ணோக்கியில் எண்ணிய கணக்கு இல்லாமல் விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர் இதை நேர்மாறாக எழுதிவிடுவார்.

இரண்டு மாதிரிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை பிரே-கர்டிஸ் அளவால் சொல்லலாம். முதல் மாதிரியில் நூற்றுக்குச் சினெகோகாக்கஸ் 60, எஸ்ஏஆர்11 30, ரோசியோபாக்டர் என்னும் பாக்டீரியாக் குழு 10. இரண்டாவதில் முறையே 20, 70, 10 என்று கொள்வோம். ஒவ்வொரு குழுவிலும் சிறிய எண்ணை எடுத்துக் கூட்டினால் 20, 30, 10, ஆக 60. அதை இரட்டித்து, மொத்தமான 200ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் 0.4. பூச்சியம் என்றால் இரண்டும் ஒன்றே. ஒன்று என்றால் பொதுவாக எதுவுமே இல்லை. எல்லா இணைகளுக்கும் இதைக் கணக்கிட்டு, அந்த வேறுபாடு தொலைவோடு கூடுகிறதா, உப்பின் வேறுபாட்டோடு கூடுகிறதா, வெப்பநிலையின் வேறுபாட்டோடு கூடுகிறதா என்று தனித்தனியே வரைந்து பாருங்கள். தொலைவைவிட உப்போடு கோடு நெருங்கிப் பொருந்தினால், உங்கள் மூன்று இடங்களையும் ஊர்ப்பெயர் பிரிக்கவில்லை, நீரே பிரிக்கிறது என்று பொருள். ஆனால் மழைக்காலத்தில் உப்புக் குறைவதும், கலங்கல் கூடுவதும், பகல் குறுகுவதும் ஒன்றாகவே நிகழ்வதால், காரணம் இன்னதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல ஓராண்டுக் கணக்கு போதாது. இரண்டு மழைக்காலங்களாவது வேண்டும்.

செயற்கைக்கோள் தரும் பச்சையப் படங்களை ஹைதராபாதிலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் தளத்தில் பார்த்து ஒப்பிடலாம். ஆழம் குறைந்த, கலங்கிய பாக் விரிகுடாவில் அடித்தரையும் மண்ணும் திருப்பி அனுப்பும் ஒளி பச்சையத்தைப் போலத் தோன்றக்கூடும் என்பதால், அங்கே உங்கள் வடிதாளுக்கே முன்னுரிமை தாருங்கள்.

சில நாட்களில் இந்த ஒழுங்கெல்லாம் குலைந்து, ஒரே உயிர் கடலை ஆட்கொள்ளும். 2019 செப்டம்பரில் மண்டபம் பகுதியில் கடல் பச்சையாகி மீன்கள் இறந்து ஒதுங்கின. மீனவர்கள் பூங்கோரை என்று அழைக்கும் நாக்டிலுகா என்னும் ஒருசெல் உயிரே அதற்குக் காரணம். மரத்தூளைத் தூவியதுபோல் நீரின்மேல் மிதக்கும் டிரைக்கோடெஸ்மியமும் இத்தகையதே. அப்படி ஒரு நாளில் போக நேர்ந்தால் பயணத்தைத் தள்ளிவைக்காதீர்கள். வழக்கமான மூன்று இடங்களோடு, நிறம் மாறிய நீரின் நடுவிலும் விளிம்பிலும் அதற்கு வெளியிலும் ஒவ்வொரு குப்பி கூடுதலாக எடுத்து, கரைந்த ஆக்சிஜனையும் அங்கேயே அளந்து, அந்த மாதிரிகளை ஆண்டுச் சராசரியில் சேர்க்காமல் தனித் தலைப்பில் வையுங்கள்.